முந்தி வந்தவன் கைப் பிரம்பு

எங்கள் ஆசான் எந்தப் பிள்ளையையும் தன் கையால் அடித்ததில்லை. பாறசாலைப் பக்கம் அவரைப் பற்றி இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். தங்கமான மனுஷனாம். நல்லா இருக்கு கதை! அந்தத் தங்கம் செய்த வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் ஆசான் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுவார். அதுதான் பரிசு. அன்றைய பிரம்பும் அந்தப் பிள்ளைக்குத்தான். இரண்டாவதாக வருகிறவனுக்கு ஒரு அடி, அடுத்தவனுக்கு இரண்டு, இப்படி ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். இருபது பேருக்கு மேல் படித்தோம். கடைசியில் வருகிறவன் கதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அடிப்பது முதலில் வந்த பிள்ளை. ஆசான் நாற்காலியில் சாய்ந்து, வெற்றிலை மென்றபடி எண்ணுவார்.

வட்டம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீட்டுப் பையனுக்கே விழும். அவன் அப்பன் நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமஸ்தா. கண்ணைக் கசக்கிக்கொண்டே வேலியைத் தாண்டினால் அவனுக்குப் பள்ளிக்கூடம் வந்துவிடும். கடைசி ஆள் என் அண்ணன். எங்கள் அப்பா பனையேறி. கொல்லயில் ஊர்ப் பக்கத்துப் பனைகளில் அப்பா இறக்குகிற அக்கானியை, அதுதான் பதநீரை, குடம் குடமாக வீட்டுக்குச் சுமந்து, அம்மா கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பில் சேர்த்த பிறகுதான் அவன் புறப்பட முடியும்.

அந்தப் பனங்காலத்தில் அவன் கை வீங்கியே கிடந்தது. கஞ்சி கோரப் பிலாவிலைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் ஊட்டினேன். அப்பாவிடம் சொன்னால், அடியாத மாடு படியாது என்றார். ஒருநாள் உள்ளங்கை வெடித்து ரத்தம் வந்தது. இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம், நானும் பனை ஏறிவிடுகிறேன் என்றான் அண்ணன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்; நான் அப்போது அரிச்சுவடியைத் தாண்டவில்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"நாளைக்கு அக்கானி நான் சுமக்கேன். நீ முந்திப் போ அண்ணே," என்றேன்.

அப்போ நீ கடைசி ஆவியே என்று கேட்டான். ஒருநாள் அடியில் செத்தா போய்விடுவேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். முந்தி வருகிறவன் கையில்தான் பிரம்பு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. பாழாய்ப்போன புத்தி!

மறுநாள் பாவாடையெல்லாம் அக்கானி வழிந்து ஒட்ட, நான் கடைசியாகப் போய் நின்றேன். அண்ணன் கையில் வட்டமும் இருந்தது, பிரம்பும் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. கை வலிக்கிறது, வேறு யாராவது அடிக்கட்டும் என்று ஆசானிடம் கெஞ்சினான். வட்டம் வாங்கினவன்தான் அடிக்க வேண்டும், மாட்டேன் என்றால் இரண்டு பேருக்கும் இரட்டிப்பு என்றார் அவர்.

பிரம்பு என் கையில் பட்டும் படாமல் விழுந்தது.

"எலே, அது எண்ணத்துல சேராது. முதல்ல இருந்து அடி."

மறுபடியும் மெதுவாக அடித்தான். மறுபடியும் முதலிலிருந்து என்றார் ஆசான். குமஸ்தா மகன் வாயைப் பொத்திச் சிரித்தான். அதற்குப் பிறகு அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓங்கினான். சீக்கிரம் முடியட்டும் என்றுதான் அப்படி அடித்தான், எனக்குத் தெரியும். நான் நின்ற இடம் நனைந்துபோயிற்று.

கூடப்பிறந்தவளுக்கே இரங்காதவன் யாருக்கும் இரங்கமாட்டான் என்று ஆசானுக்குப் பரம சந்தோஷம். அன்றே அண்ணனைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். இனி எப்போது வந்தாலும் அவனுக்கு அடி இல்லை, பிரம்பு என்றும் அவனுக்கே. படுபாவி! அம்மாவும் மகிழ்ந்துபோனாள். சட்டாம்பிள்ளை குடம் சுமந்து வேர்த்து வழிந்து போனால் நல்லாவா இருக்கும் என்று சுமையை என் தலையில் வைத்தாள். தினமும் கடைசி ஆள் நானானேன்.

கொஞ்ச நாள் அண்ணன் அழுதுகொண்டே அடித்தான். பிறகு அழாமல் அடித்தான். அவன் உள்ளங்கை ஆறிவிட்டது.

ஒருநாள் நான் போனபோது ஆசான் இல்லை. காய்ச்சலாம், வரமாட்டாராம். அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தோம் என்று உட்காரப் போனேன். அண்ணன் மூலையில் சாத்தியிருந்த பிரம்பை எடுத்துக்கொண்டு வந்தான்.

"எங்க இருக்கப் போற? கையை நீட்டுட்டி," என்றான்.

அன்றைக்கு எண்ணினதும் அவனேதான்.