நான் கொண்டுவந்த மாத்திரைகள்

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் முன்பு துபாயில் நான் கடைசியாகப் போகும் இடம் மருந்துக்கடையாக இருந்தது. கீழக்கரையில் இருக்கும் என் அக்காவுக்காக. எங்கள் பக்கம் அக்காவை லாத்தா என்போம். நாற்பது வயதிலேயே லாத்தாவுக்கு மூட்டுவாதம் வந்துவிட்டது. காலையில் விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறப்பாள். மச்சான் இறந்த பிறகு, கல்லூரியில் படிக்கும் மகளோடு எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தாள்.

ஒருமுறை என் முதுகுவலிக்கு வைத்திருந்த மாத்திரையில் ஒரு அட்டையைக் கொடுத்தேன். மறுநாள் தானே மாவு பிசைந்து ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். "தம்பி, இங்கன குடுக்குற மாத்திரையெல்லாம் ஒண்ணும் கேக்கல. இதுதான் கேக்குது" என்றாள். அதன் பிறகு சென்ட், சோப்பு எதுவும் கேட்கவில்லை. மாத்திரை மட்டும்தான். பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

போன வருடம் நோன்பு மாதத்தில் ஊருக்கு வந்தேன். லாத்தா வெளுத்துப் போயிருந்தாள். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். கேட்டால், "நோன்புல அப்படித்தான் இருக்கும்" என்றாள். வெயிலும் அப்போது கடுமை. நானும் நம்பினேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் ஒன்றிரண்டு வாய் சோறு சாப்பிட்டுவிட்டு இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொள்கிறாள், பிறகு மாலை வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் அவள் மகள் ஓடிவந்தாள். "மாமா, உம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. உடம்பெல்லாம் ஜில்லுன்னு இருக்கு."

போய்ப் பார்த்தபோது லாத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நிறமே இல்லை. காரில் ஏற்றி ராமநாதபுரத்துக்குப் புறப்பட்டோம். பாதி வழியில், முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்காது என்று நினைத்து, மகளின் காதில் ஏதோ சொன்னாள். மகள் முகம் மாறியது.

"மாமா, நாலு நாளா உம்மாவுக்குக் கருப்பாப் போகுதாம். தார் மாதிரி."

"ஏன் லாத்தா சொல்லல?"

"ஒன்கிட்ட இதையா சொல்லுவாக? பேரீச்சம்பழம் நெறைய தின்னேன், அதான்னு நெனச்சேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பதினைந்து இருபது கிலோமீட்டர் எனக்கு முடியவே இல்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றியதும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதுதான். மகள் கையோடு எடுத்துவந்த பையைக் கவிழ்த்தாள். பிரஷர் மாத்திரையைத் தவிர மூன்று அட்டைகளை டாக்டரம்மா தனியாக ஒதுக்கினார். ஒன்று நான் கொண்டுவந்தது. ஒன்று உள்ளூர் மெடிக்கலில் வாங்கியது. இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரம்மா கொடுத்தது.

"மூணும் ஒரே வகை வலி மாத்திரைதான். பேருதான் வேற வேற. யாரு சாப்பிடச் சொன்னா?"

லாத்தாதான் சொன்னாள். "நானாத்தான் வாங்கிச் சாப்புட்டேன் டாக்டர்." என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

"இல்ல டாக்டர், நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில், மாத்திரைகளால் இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது; கருப்பாகப் போனது அந்த ரத்தம்தான். ரத்தம் ஏற்றினார்கள். கசிவு நின்றுவிடும் என்றார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மறுபடி என்னைக் கூப்பிட்டார்.

"கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. தண்ணி குடிக்காம, ரத்தமும் போயி, இந்த மாத்திரையும் சேர்ந்தா இப்படித்தான் ஆகும். இவங்களுக்கு பிரஷர் வேற இருக்கு. ரெண்டு மூணு நாள் பார்ப்போம்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"பார்ப்போம்" என்றார் மறுபடியும்.

அந்த மூன்று நாட்களும் நான் ஆஸ்பத்திரியைவிட்டு நகரவில்லை. நர்ஸ் சிறுநீரை அளந்து எழுதும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பேன். நேற்றைவிடக் கூடுதலா, குறைவா என்று கேட்பேன். லாத்தாவோ நோன்பு விட்டுப்போன கவலையில் அழுதாள். மூட்டுவலியும் திரும்பி வந்துவிட்டது. "அந்த மாத்திரையில பாதியாவது குடு தம்பி, கையை அசைக்க முடியல" என்று என் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினாள். முடியாது என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

மூன்றாம் நாள் சிறுநீர் கூடியது; ரத்தப் பரிசோதனையில் ஏறியிருந்த கிட்னி அளவும் இறங்கத் தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னார்: "வலி மாத்திரை வீக்கத்தை அமுக்கும், நோயை நிறுத்தாது. மூட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க." இத்தனை வருடத்தில் அப்படி ஒரு டாக்டர் இருப்பதை நாங்கள் யாரும் விசாரித்ததே இல்லை.

உடம்பு தேறியபின் மதுரைக்குக் கூட்டிப்போனேன். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிடும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். தினமும் சாப்பிட்டால் ஆபத்து என்று இரண்டு முறை சொன்னார்கள். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தன. இப்போது காலையில் விரல் ஓரளவு மடங்குகிறது. வலி முழுதாகப் போகவில்லை. கிட்னியும் பழைய நிலைக்கு முழுதாக வரவில்லை என்கிறார்கள்.

நான் துபாய்க்குத் திரும்பிவிட்டேன். லாத்தாவின் மகளைப் போனில் கூப்பிட்டால் சலாம் சொன்னதும் நான் கேட்பது, "உம்மா வேற எதுவும் வாங்கிச் சாப்புடலையே?" என்பதுதான்.

"இல்ல மாமா" என்கிறாள். வலி தாங்காத ஒரு நாளில், மகள் கல்லூரிக்குப் போன நேரத்தில், லாத்தா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டமாட்டாள் என்று எனக்கு யார் சொல்வார்கள்?