சாயம் உள்ளே போகும் முன்

ஆஞ்சியோகிராம் அறை நர்ஸுக்கு, நோயாளியைவிட ஒரு நிமிஷம் முந்தியே நெஞ்சு படபடக்கும். அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றவர்களும் அதன் மேல் படுத்தவர்களும் இதை ஒத்துக்கொள்வார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள், காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை.

எந்தக் கலரு?

சேர்ந்த முதல் மாதம். பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஏகாம்பரம் மேஜையில் படுத்திருந்தார். நகக்கண்ணெல்லாம் அரக்குச் சிவப்பு. "பயப்படாதீங்கண்ணா, ரத்தக்குழாய் படத்துல தெரியணும்ல, அதுக்காகச் சாயம் மாதிரி ஒண்ணு உள்ள விடுவாங்க" என்றேன். மனுஷர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சாயமா? ஒடம்புக்குள்ளயா? எந்தக் கலரு?"

கலரே இல்லை, தண்ணி மாதிரிதான் என்றேன். முகம் இன்னும் வெளிறியது. அடுத்து அவர் ஒன்று கேட்டார்; நான் டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்துதான் சொன்னார்: சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், அது தாங்குமா என்று பார்க்கத்தான் முன்பே ரத்தம் எடுத்தோம் என்று. ஒரு மாதமாக அந்த ரத்தத்தை எடுத்தவள் நான். எதற்கென்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஏகாம்பரம் கேட்டது இதுதான்: "ஊத்தறது இருக்கட்டும்மா, கழிவுத் தண்ணி எந்தப் பக்கமா வெளிய போவுது?"

வெறும் வயிறு

சின்னக் காஞ்சிபுரத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் உண்டு. "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க சார்" என்று போனில் சொன்னது நான். சோதனை நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் சிறுநீர் குறைந்தது. அதற்கடுத்த நாள், சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் இரண்டு மடங்கு. "டயாலிசிஸ் தேவைப்படலாம்" என்று டாக்டர் சொன்னதும் வார்டுக்கு ஓடினேன். வாத்தியாரின் மனைவியிடம் விசாரித்தேன். சோதனைக்கு முந்தின நாள் ஏகாதசி. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர், என் பேச்சைக் கேட்டு அப்படியே வந்திருக்கிறார். சாயத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற உடம்பில் தண்ணீர் வேண்டும்; அதற்காகச் சில மணி நேரம் முன்பே ஏற்றியிருக்க வேண்டிய சலைனை, அன்று கூட்டம் என்று கடைசி நேரத்தில்தான் போட்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. டயாலிசிஸ் இல்லாமல் தப்பித்தார். வராந்தாவில் அந்த மாமியிடம் மன்னிப்புக் கேட்டு அழுதேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வயித்தைக் காலியா வெச்சுக்கச் சொன்னே, வெச்சுண்டார். தண்ணி குடிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ?"

யாருக்குக் கொழுப்பு?

அதன்பின் எங்கள் டாக்டர் ரொம்பக் கறாராகிவிட்டார். சலைன் நேரத்தோடு ஏற வேண்டும், சிறுநீரகத்துக்கு ஆகாத மூட்டுவலி மாத்திரைகளை நிறுத்த வேண்டும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை முன்பே கொடுக்க வேண்டும். இதயத்துக்கு நல்லது, சிறுநீரகத்துக்கும் காப்பாகலாம் என்பார். ஒரு மாரடைப்புக்குப் பிறகு வந்த, ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மணிக்கு ஈர்க்குச்சி உடம்பு. "கொழுப்பு மாத்திரை" என்று நீட்டினேன். "யாரப் பாத்துக் கொழுப்புன்ற?" என்று முறைத்துவிட்டுத்தான் விழுங்கினார். அடைப்பு இருந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த முறை வந்தபோது ரிப்போர்ட்டைப் பார்த்து, "சூப்பர்ணா, கொழுப்பு இறங்கிடுச்சு" என்று சிரித்தேன். நாலு மாதம் கழித்து அதே மணி ஸ்ட்ரெச்சரில் வந்தார், இரண்டாவது மாரடைப்போடு. எப்படியோ பிழைத்தார். கண் திறந்ததும் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "எறங்கிடுச்சுன்னு நீதானம்மா சொன்ன? அப்புறம் எதுக்குன்னு வுட்டுட்டேன்."

நர்ஸ் சர்டிஃபிகேட்டை இருபத்திரண்டு வயதிலேயே கையில் கொடுத்துவிட்டார்கள்; பேசக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு இன்னும் பல வருஷமாயிற்று.