ஐந்து ஈ

எங்கள் சித்திக்குப் பாம்புப் பயமில்லை, பேய்ப் பயமில்லை. சோதனைச்சாவடியில் துவக்கோடு நிற்பவனைக்கூட நேருக்கு நேர் பார்த்துத்தான் பேசுவார். ஆனால் ஓர் ஈ போதும், ஆள் ஆட்டம் கண்டுவிடுவார். சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் ஈ வந்து குந்தினால் அந்தச் சோறு நாய்க்குத்தான். முற்றம் நிறையக் கருவாடு காயும் வீட்டில் இருந்துகொண்டு ஈக்குப் பயந்தால் எப்படி? நானும் தம்பியும் சித்தியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று "ங்ங்ங்" என்று இரைவோம். சித்தி துள்ளுவார். அதற்குச் சித்தியிடம் ஏச்சு விழாது, அம்மாவிடம்தான் அடி விழும். இந்தச் சின்னப் பகிடிக்கு அம்மா ஏன் அகப்பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று எங்களுக்குப் பெரிய மனக்குறை.

மாங்கேணிக்குக் கிட்ட, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடந்த மணல் துண்டு எங்கள் ஊர். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறுதான். கடல் ஊருக்குள் வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. சித்தப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. நாலாம் நாள், ஆற்றோரச் சேற்றில் நிற்கும் கண்ணா மரப் பற்றைக்குள் இருந்து எடுத்தார்கள். அத்தனை ஆண்கள் தோணி போட்டுத் தேடியும் கிடைக்காத மனிதரைச் சித்திதான் கண்டுபிடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் கேட்டதில்லை, ஒருவரும் சொன்னதுமில்லை. அன்றிலிருந்து சித்தி எங்கள் வீட்டில்.

பிறகு சண்டை வந்து, ஊரோடு கிளம்பி, முகாம் முகாமாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இல்லை. யாரோ தகரக் கூரை போட்டுத் தந்தார்கள். சுவருக்குப் பதில் இடுப்பளவு தென்னோலைக் கிடுகு. வெளியூர் ஆசிரியர்கள் வரப் பயந்த அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தை இழுத்துக்கொண்டு போனது சித்தி மாதிரியான, சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியர்கள்தான். என்றைக்காவது ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்ற ஒரே நம்பிக்கையில் சித்தி ஐந்து வருடமாகச் சுண்ணக்கட்டி பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறாம் வகுப்பில் விஞ்ஞானம் அவர்தான். பள்ளிக்கூடத்தில் நான் அவரை "டீச்சர்" என்றுதான் கூப்பிடவேண்டும். வாய் தவறிச் சித்தி என்றால் வெளியே நிற்க வேண்டும். பாதிப் பாடத்தை நான் வெளியே நின்றுதான் படித்தேன்.

சித்தியின் படிப்பித்தலில் நெளிவு சுளிவே கிடையாது. புத்தகத்தைத் திறப்பார், வாசிப்பார், நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். ஒருமுறை "தாவரங்கள் ஒளியின் உதவியுடன், டேய் அங்க என்ன சத்தம், உணவைத் தயாரிக்கின்றன" என்று சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொடுத்து, அதற்கும் வெளியே நின்றேன்.

அந்த நேரத்தில்தான் கலைத்திட்டம் மாறியது. சித்தி வந்து சொன்னபோது கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா உற்சாகமாக நிமிர்ந்தார்.

"கலைத்திட்டமா? அப்ப கூத்து, ஆட்டமெல்லாம் இரிக்கா?"

"இல்ல மச்சான். என்ன படிப்பிக்கிறது, எப்படிப் படிப்பிக்கிறது எண்டுற திட்டம்."

"அதுக்கு ஏன் கலை எண்டு பேர் வைச்ச?" என்று அப்பா மனம் விட்டுப்போய் மறுபடி வலைக்குக் குனிந்தார்.

புது முறையைப் பழக்க வாழைச்சேனையில் மூன்று நாள் செயலமர்வு நடந்தது. சித்தி போய்வந்தார். இனிமேல் ஆசிரியர் பேசக்கூடாதாம், பிள்ளைகள்தான் பேச வேண்டுமாம், நோட்ஸ் சொல்வது பெரிய குற்றமாம். இதைச் சொல்லிக்கொடுத்த ஐயா மூன்று நாளும் தனியாக நின்று பேசி, எல்லாவற்றையும் நோட்ஸாகச் சொல்லி எழுதுவித்திருந்தார். ஒரு கொப்பி முடிந்து மறு கொப்பி தொடங்கியிருந்தது. கொப்பியைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சித்தி அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அக்கா, இனி எல்லாம் ஐஞ்சு ஈதானாம். கல்வி அலுவலகத்தில இருந்து ஒரு பெரியவர் வந்து வகுப்பில இருந்து பாப்பாராம். ஐஞ்சு ஈயும் இரிக்கா எண்டு ஒவ்வொண்டாப் பாத்து அடையாளம் போடுவாராம். ஒரு ஈ குறைஞ்சாலும் அறிக்கை பிழைச்சிரும். அறிக்கை பிழைச்சா நியமனம் இல்ல கா."

சித்தியின் குரல் உடைந்துபோயிருந்தது. உலகத்தில் எத்தனை பிராணி இருக்கிறது! ஆடு கேட்டிருக்கலாம், நண்டு கேட்டிருக்கலாம். ஈயைக் கண்டாலே சோற்றை எறிகிற மனிசியிடம் போய் ஐந்து ஈ கேட்கிறானே, அவன் நல்லாயிருப்பானா?

ஆங்கிலத்தில் பாடத்தின் ஐந்து படிகளும் 'ஈ' என்ற எழுத்தில் தொடங்குவதால் வந்த பெயர் அது என்று அந்த வயதில் எனக்கு யார் சொன்னார்கள்? சித்தி வீட்டில் வைத்து எங்களிடமே ஒத்திகை பார்த்தார். அப்பா ஒரு குழு, அம்மா ஒரு குழு, நானும் தம்பியும் ஒரு குழு. ஆளுக்கொரு இலையைத் தந்து ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று கொப்பியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மச்சான், இந்த இலையில என்ன கண்டறிஞ்சீங்க?"

அப்பா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆடு திண்டிரிக்கு."

"வேற?"

"நம்மட ஆடில்ல. நம்மடது இவ்வளவு மிச்சம் வைக்காது."

எனக்கு மனம் அதில் இல்லை. "சித்தி, ஈ எங்க?" என்று கேட்டேன். "அது டீச்சர்மாருக்கு உள்ளது புள்ள, உனக்கு விளங்காது" என்றார். எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆளால் பிடிக்க முடியவில்லை, சொல்ல வெட்கப்படுகிறார். சரி, சித்திக்கு நான் இருக்கிறேன்.

ஈ பிடிப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் பிடித்துப் பார்க்கவேண்டும். கருவாட்டுப் பாயில் ஆயிரம் இருக்கும், கையை நீட்டினால் ஒன்றும் இராது. கடைசியில், அந்தப் பெரியவர் வருவதற்கு முதல்நாள், ஜாம் போத்தலுக்குள் ஒரு நெத்தலித் தலையைப் போட்டுப் படுக்கவைத்தேன். ஏழு வந்தன. ஐந்து என்றால் ஐந்துதான், கூடினாலும் அறிக்கை பிழைக்கலாம் என்று இரண்டைத் திறந்து விட்டேன். மறுநாள் காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. விட்டதற்கு நொந்துகொண்டு பாடசாலை உடுப்போடு பாயடியில் தவம் கிடந்து இன்னொன்றைப் பிடித்து, மூடியில் ஆணியால் துளை போட்டு, புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைச் சேட்டு, சட்டைப்பையில் மூன்று நிறப் பேனை. அதிபர் முன்னால் ஓடினார், சித்தி கும்பிட்டார். அதிகாரி கடைசி வாங்கில் உட்கார்ந்து ஒரு படிவத்தைத் திறந்து வைத்தார்.

சித்தி நன்றாகத்தான் தொடங்கினார். வாங்குகளை வட்டமாகப் போட்டு, ஐந்து குழு பிரித்து, வாங்குக்கொரு பெரிய தாளும் விதவிதமான இலையும் வைத்திருந்தார். "பிள்ளைகள், இப்ப நீங்க எல்லாரும்..." என்று வாயெடுத்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று ஒரு அடி அடித்தது. சுவரில்லாத பள்ளிக்கூடத்துக்குள் அது வாசல் பார்த்து நுழைய வேண்டிய தேவையே இல்லை, எங்கேயும் நுழையலாம். தாள்கள் தகரத்தில் மோதித் திரும்பின. இலைகள் எல்லாம் பறந்து கிடுகுக்கு அப்பால் போய் விழ, அங்கே நின்ற ஆடுகள் கண்டறிதலையும் மதிப்பிடலையும் அரை நிமிடத்தில் முடித்தன. வகுப்பு முழுக்க எழும்பி ஓடியது. சித்தி வெறும் கையோடு நடுவில் நின்றார். கண் நிறைந்துவிட்டது, ஆனால் விழவில்லை.

எல்லாரும் திரும்பி வந்து இருந்த பிறகு அதிகாரி படிவத்தைப் பேனையால் தட்டினார். "டீச்சர், பாடம் பாதி நேரம் போயிற்று. ஐஞ்சு ஈயில ஒண்டையும் நான் இன்னும் காணல்லயே."

எனக்கு இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இரிக்கு சேர்! ஐஞ்சும் இரிக்கு! சித்தி, நான் கொண்டந்திரிக்கன்!" என்று எழும்பிப் போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு போத்தலை வாங்கி எண்ணினார். உண்மையாகவே எண்ணினார். "ஐஞ்சுதான்" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்தார், சிரித்தார், படிவம் மடியில் இருந்து விழுந்தது. அதிபரும் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார். எதற்கு என்று தெரியாமல் வகுப்பே சிரித்தது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. என்னை வெளியே நிற்கச் சொல்லவும் இல்லை.

"சரி டீச்சர், நல்ல சாமான் கிடைச்சிரிக்கு. இதை வைச்சே படிப்பிங்க" என்று அதிகாரி போத்தலை நீட்டினார்.

சித்தி போத்தலைப் பார்த்தார். உள்ளே ஐந்தும் கண்ணாடியில் ஏறி இறங்கி இரைந்துகொண்டிருந்தன. போடப்போகிறார், உடையப்போகிறது, நியமனம் போகப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது போத்தல் சித்தியின் கையில் இருந்தது. புடவைத் தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

"ஈக்கு எத்தனை கால்? பாத்துச் சொல்லுங்க" என்றார். நாங்கள் போத்தலுக்கு மேல் விழுந்து எண்ணினோம். நாலு என்றான் ஒருவன், ஆறு என்றாள் ஒருத்தி, அடிதடியாகி ஆறு வென்றது. ஈயை எங்கெங்கே கண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். கருவாட்டுப் பாய், மாட்டுப்பட்டி, முகாமில் வரிசைக்கு நிற்கிற கக்கூஸ் என்று ஆளாளுக்குக் கத்தினோம். ஈ வந்தால் என்ன வருத்தம் வரும் என்று கேட்க, முகாமில் தனக்கு வந்த வயிற்றோட்டத்தை ஒருவன் நடித்தே காட்டினான். ஆசிரியர் பேசாத, பிள்ளைகள் ஓயாத அப்படியொரு பாடம் அந்தத் தகரத்துக்குக் கீழே முன்னால் நடந்ததில்லை. அதிகாரி படிவத்தில் அடையாளம் போட்டுக்கொண்டே போனார்.

நாலுக்கு வந்துவிட்டார். அந்த உற்சாகத்தில் தானே ஒரு கேள்வியையும் போட்டார்.

"எல்லாரும் ஈயால வாற கெடுதியைச் சொன்னீங்க. ஈயால ஒரு பிரயோசனமும் இல்லையா?"

வகுப்பு யோசித்தது. ஈயால் என்ன பிரயோசனம்? அதிகாரி கடைசிக் கட்டத்துக்கு மேல் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். சித்தி போத்தலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"தேடுற ஆக்களுக்கு வழி காட்டும்."

அதிகாரியின் பேனை அசையவில்லை. சித்தியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து ஐந்தாவது அடையாளத்தைப் போட்டார். விடைபெறும்போது சித்தியை அவர் "தங்கச்சி" என்று கூப்பிட்டது எனக்குப் புதினமாக இருந்தது. அதுவரை டீச்சர், டீச்சர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கிடைக்கும் வளங்களை உச்ச அளவில் பயன்படுத்துகிறார் என்று அறிக்கையில் எழுதியிருந்தாராம். அந்த வளம் நான் பிடித்தது என்று ஒரு மாதம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அடுத்த வருடம் சித்திக்கு நியமனம் வந்தது.

ஆனால் அதற்கு முன்பே தவணைப் பரீட்சை வந்தது. உமது சூழலிலுள்ள பூச்சி ஒன்றைப் பெயரிட்டு அதன் பயனைக் குறிப்பிடுக என்று ஒரு கேள்வி. வகுப்பே தேனீ, தேன் என்று எழுதிவிட்டுப் போக, நான் மட்டும் பெருமையோடு எழுதினேன்: ஈ. தேடுவோருக்கு வழி காட்டும்.

சித்தி விறாந்தையில் இருந்து விடைத்தாள் திருத்தும்போது பக்கத்திலேயே குந்தியிருந்தேன். என்னுடைய தாள் வந்தது. சிவப்புப் பேனை சரி, சரி, பிழை என்று ஓடிவந்து அந்த வரியில் நின்றது. நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஊறிப் பெருத்தது. பிறகு பேனை அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

"இதுக்குச் சரியும் போடல்ல, பிழையும் போடல்ல. நீங்கதானே சொன்னீங்க!"

"ஓம் புள்ள. நான்தான் சொன்ன" என்றார் சித்தி. அவ்வளவுதான்.

நான் கோபத்தோடு அடுக்களைக்கு ஓடினேன். "பெரிய டீச்சராம், சரி எது பிழை எது எண்டு போடத் தெரியாது!" என்று கத்தினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா விடையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். சொன்னேன். அகப்பையைத் தூக்கவில்லை. கழுவாத கையோடு எழும்பிப் போய் விறாந்தையில் சித்திக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

இப்போது நானும் டீச்சர்தான். அதற்குப் பிறகு இரண்டு கலைத்திட்டம் மாறிவிட்டது. அன்று அடுக்களை வாசலில் நின்று நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். விடையை முழுமையாக எழுதாதது என் பிழை, எதைத் தேடுவோருக்கு என்று இன்னும் ஒரு சொல் சேர்த்து எழுதியிருந்தால் சித்தி கட்டாயம் சரி போட்டிருப்பார்.