வெர்னாவின் பொதபொத பெடல்

பக்கத்து வீட்டு வெர்னா ஹால்வோர்சன் முப்பத்தொரு வருடம் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர். வயது எழுபது. அமெரிக்காவில், டுலூத் நகரின் இந்தத் தெருவுக்கு நான் குடிவந்து பதினாறு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் அவர் யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டு நான் பார்த்ததில்லை. கூரை ஒழுகினால் அவரே ஏணி போட்டு ஏறுவார். அதனால் சனிக்கிழமை காலை என் கதவைத் தட்டியபோது, அவர் கணவர் ஆர்வினுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"மணி, உன் கால் ஒண்ணு வேணும்," என்றார். "வலது கால். ஒரு மணி நேரத்துக்கு."

ஆர்வினுக்கு முழங்கால் மடங்காது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு எங்கள் தெருச் சரிவின் அடியில் இருக்கும் மருத்துவமனையில் டயாலிசிஸ். அவர் காலை நீட்டி உட்கார முடிவது அவர்களுடைய இருபத்தேழு வயதுப் பெரிய காரில் மட்டும்தான். என் சின்னக் காரில் ஒருமுறை முயன்றோம். ஏணியை மடித்துச் சூட்கேஸில் வைப்பது போலிருந்தது. நோயாளிகளை ஏற்றிப்போகும் அரசு வேனுக்கு மூன்று நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்; இந்த வெள்ளிக்கு மட்டும் அப்படிச் சொல்லி வைத்திருந்தார்கள், திங்களுக்கு இல்லை.

பனிக்கட்டியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு முன்பிரேக்குகளை அரித்துவிட்டது. சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்கள் இரண்டையும் வெர்னா வியாழக்கிழமை தானே மாற்றினார். அன்றிலிருந்து பெடலை மிதித்தால் ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி பொதபொதவென்று உள்ளே போகிறது. பிரேக் ஆயிலில் காற்று. அதை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். நாற்பது வருடமாக மிதித்தவர் ஆர்வின்.

"அழுத்து," என்றார் வெர்னா காருக்கடியிலிருந்து. அழுத்தினேன். "பிடி." பிடித்தேன். "இப்ப விடு."

வீட்டு ஜன்னலிலிருந்து ஆர்வின் கத்தினார். "மணி, அவ பிடின்னா பெடலப் பிடி. மூச்சையுமா பிடிக்கிறே?"

உண்மையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் தெரு ஏரியைப் பார்த்து நேராக இறங்குகிறது. ஏழு முனைகள், முனைக்கு ஒரு 'நில்' பலகை. ஒவ்வொன்றிலும் அந்தக் கார் நிற்காமல் போவது எனக்குப் படமாய் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு புட்டி ஆயில் தீர்ந்தது. பெடல் அப்படியே பொதபொத.

எதிர்வீட்டு டெல்மார் நகரப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் பனிக்கட்டியை வெட்டிக்கொண்டே அவ்வப்போது எங்களுக்குக் கையசைத்தார். கூப்பிடாமல் அடுத்தவர் காரில் தலையிடுவது இங்கே வழக்கமில்லை. வெர்னாவுக்கோ கூப்பிடுவது வழக்கமில்லை.

"அவனைக் கூப்பிடேன்," என்றார் ஆர்வின்.

"அவனுக்கு வேலை இருக்கு."

"ரெண்டு மணி நேரமா ஒரே கட்டியக் கொத்திட்டிருக்கான். அது ஒரு வேலையா?"

மூன்றாவது புட்டியும் காலியானபோது வெர்னா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். "திங்கக்கிழமை," என்றார், அவ்வளவுதான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார். டெல்மார் உடனே வந்தார். டார்ச் விளக்கு ஏற்கெனவே சட்டைப் பையில் இருந்தது.

குனிந்து பார்த்தார். எதையும் தொடவில்லை. "போல்ட்டெல்லாம் நல்லா முறுக்கியிருக்க, வெர்னா. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளேன்யா."

"காத்து மேல போய் நிக்குமா, கீழயா?"

"மேல."

"திருகு எங்க இருக்கு?"

வெர்னா குனிந்தார். திருகு கீழே இருந்தது. இடதுபக்கத்துக் காலிப்பர் வலதில், வலதுபக்கத்தது இடதில். இரண்டும் கச்சிதமாய்ப் பொருந்தியிருந்தன, தலைகீழாக. காலை முழுக்க நாங்கள் அடியிலிருந்து ஆயிலைத்தான் வடித்துக்கொண்டிருந்தோம். காற்று மேலே சுகமாக உட்கார்ந்திருந்தது.

"இடது வலதுன்னு பெட்டியிலதான் எழுதியிருந்துச்சு," என்றார் வெர்னா. "சாப்பாட்டு மேசைய ஒழிக்கணும்னு பெட்டிய முதல்லயே தூக்கிப் போட்டுட்டேன்." சட்டென்று நிமிர்ந்தார். "நீ இதை எப்ப பாத்த?"

"வியாழக்கிழமை. குப்பைத்தொட்டி எடுக்க வந்தப்ப."

"வியாழக்கிழமையா! வாயத் தொறந்து சொன்னா என்னய்யா?"

"நீ கேக்கலையே." டெல்மார் தொப்பியைச் சரிசெய்தார். "நாளைக்கு சர்ச் முடிஞ்சு எல்லாரும் காபி குடிக்கிறப்ப மெதுவா எடுத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

ஜன்னலில் ஆர்வின் இருமல் வருமளவு சிரித்தார்.

கழற்றி மாற்ற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மறுபடி என் கால். இந்தமுறை திருகிலிருந்து ஊறுகாய்ப் புட்டிக்குள் விட்டிருந்த குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது, வந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றது. பெடலை மிதித்தேன். பாதியிலேயே கல்லைப் போல் நின்றது. நான் என்னை மறந்து, "நிக்குது! நிக்குது!" என்று தமிழில் கத்திவிட்டேன். யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

பின்தெருவின் சமதளத்தில் வெர்னா நாலு சுற்று ஓட்டிப் பார்த்தபின், சரிவில் தானும் வருவேன் என்று ஆர்வின் அடம்பிடித்து ஏறிக்கொண்டார். டெல்மாரும் நானும் மேலே நின்று பார்த்தோம். முதல் பலகையில் காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, கார் நின்றது. இரண்டாவதிலும். ஏழாவதில் நின்றபோதுதான் மூச்சை விட்டேன். டெல்மார் டார்ச் விளக்கை அணைத்துப் பைக்குள் போட்டார். பட்டப்பகலில் அதுவரை எரியவிட்டிருந்திருக்கிறார்.

திரும்பி வந்ததும் வெர்னா கணவரை இறக்கிவிட்டபடியே சொன்னார், "திங்கக்கிழமை ஆறரைக்குக் கிளம்பறோம். முன்னாடியே ஷேவ் பண்ணிக்கோ."

"யாருக்கு, அந்த நர்ஸுக்கா?"

"எனக்குய்யா," என்றார் வெர்னா. "வழியெல்லாம் உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போறது நான்தானே."