முன்னாள் உறுப்பினர்

போன வாரம் மகளுக்குத் தடுப்பூசி போட தேனியில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். ஊசி ஏறியதும் அவள் அழுத அழுகையில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. காய்ச்சல் வரலாம், சொட்டு மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வெளியே மருந்து கவுண்டருக்கு வந்தால், பாட்டில் கண்ணெதிரே அலமாரியில் இருக்கிறது. அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டாக் இல்லக்கா" என்றாள்.

"அந்தா இருக்கேம்மா."

"இருக்கு. சிஸ்டத்துல இல்லையே. மைனஸ் காட்டுது, பில் போட விடாது."

எட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த கடையில் இருந்த அதே மென்பொருள். நிறம் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த மைனஸை எப்படிச் சரிசெய்வதென்று எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு என்றுகூட ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லலாமா, அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமா, குழந்தை வேறு சிணுங்குகிறதே என்று நாலு விதமாக யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். "சாம்பிள்னு தனியா ஒரு குடோன் இருக்கான்னு பாரும்மா. இல்லாட்டி நீயே ஒண்ணு போட்டுக்கிடலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். என் தோளில் பால் கக்கிய துண்டைப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. அடுத்தவுக வரணும்ல."

தள்ளி நின்றேன். மருந்தை எதிர்க்கடையில் வாங்கினேன்.

கிளினிக்கின் ஸ்பிரிட் வாடை அன்று முழுக்கச் சேலையை விட்டுப் போகவில்லை. துணியில் வாடை தங்குவது எனக்குப் புதிதல்ல. என் ஊர் வடுகபட்டி, பூண்டுக்குப் பேர்போன ஊர். முதல் வேலை போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில். காலையில் பூண்டு வாசத்தோடு பஸ் ஏறுவேன், சாயங்காலம் ஏலக்காய் வாசத்தோடு இறங்குவேன். "ஏம்மா, பிரியாணிக்கு அரிசி மட்டுந்தான் பாக்கி போல" என்றார் ஒரு கண்டக்டர். அதற்குச் சிரிக்கலாமா, சிரித்தால் தப்பாக நினைப்பாரா என்று தேனி வரை யோசித்துக்கொண்டே போனேன். நான் எப்போதும் இப்படித்தான்.

அந்தக் கடையில் என் வேலை கம்ப்யூட்டரில் பில் போடுவதும் சரக்குக் கணக்கு வைப்பதும். கணக்கு மாசக் கடைசியில் தவறாமல் உதைக்கும். மூட்டையில் இருப்பது ஒன்றாக இருக்கும், கம்ப்யூட்டர் வேறொரு கணக்குச் சொல்லும், சில ரகத்துக்கு மைனஸ் என்றே காட்டும். முதலாளி கோபத்தில் கத்துகிறவர் இல்லை. காய் பிரித்துக்கொண்டிருக்கும் பெண்கள் கேட்கும்படியாக நிதானமாகப் பேசுவார். "பி.காம். படிச்ச பிள்ளைன்னு எடுத்தேன். காய் குறையுதே தாயி. நீ திங்கிறியா, சிஸ்டம் திங்குதா?"

அவர்கள் சிரிப்பார்கள். சம்பளம் அவர் கொடுப்பதல்லவா, சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். தமிழுக்குத் தனிப் பகுதி. பெரும்பாலும் கடைக்காரர்கள், கணக்கு எழுதுகிறவர்கள். யாரும் சொந்தப் பெயரில் இல்லை. ஊரும் சரக்குமே பெயர்: ஈரோடு மஞ்சள், சேலம் ஜவ்வரிசி, விருதுநகர் வத்தல். உள்ளே போனால் சந்தைக்குள் நுழைந்ததுபோல இருக்கும். நான் மட்டும் படிவத்தில் "பெயர்" என்று கேட்ட இடத்தில் இனிஷியலோடு என் பெயரை எழுதினேன். படம் கேட்டார்கள், பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தைக் கொடுத்தேன். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே வளர்த்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி இப்படி எழுதினேன்: "சார், ஸ்டாக் தப்பா வருது. என்னமோ மைனஸ் மாதிரி காட்டுது. ரொம்ப அவசரம், தயவுசெய்து உதவுங்க."

விருதுநகர் வத்தல் பதில் எழுதினார். "தங்கச்சி, குறி கேக்குற எடம் இது இல்ல. எந்த வெர்ஷன், கடைசியா என்ன தட்டுனே, என்ன எழுத்து வந்துச்சு, அத அப்பிடியே எழுது. 'என்னமோ காட்டுது'ன்னா எனக்கும் என்னமோ வருது. அவசரம் ஒனக்குத்தான், எனக்கு இல்ல." அதன் கீழே ஈரோடு மஞ்சள்: "அண்ணாச்சி இன்னைக்கு நல்ல மூடுல இருக்காக, பொழச்சுக்கிட்டே." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

குடோனுக்குள் போய் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஏலக்காய்த் தூசியில் அழுகையைவிடத் தும்மல்தான் அதிகம் வந்தது.

ஆனால் பாருங்கள், அந்த மனிதர் சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்கு யாராவது இப்படி ஒரு மன்றத்தில் சேர்ந்து முழுப் பயனையும் பெறுவது எப்படி என்று கேட்டால், நான் வத்தல் அண்ணாச்சியின் வசவுகளைத்தான் திருப்பிச் சொல்வேன். கேட்பதற்கு முன்னால் ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடு. ("நீ என்ன உலகத்துலயே மொத ஆளா?") திரையில் வந்ததை உன் வார்த்தையில் சொல்லாதே, அப்படியே எழுது. படம் போட்டால் வாடிக்கையாளர் பெயரையும் விலையையும் மறைத்துப் போடு. ("ஒன் மொதலாளி வெலைய ஊருக்கே ஏலம் போடுறியா?") ஒரு கேள்விக்குள் நாலு கேள்வியைச் சொருகாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்ததும் திரும்பி வந்து எது சரிப்பட்டது என்று எழுதி, சொன்னவருக்கு நன்றி சொல். பின்னால் வருகிறவனுக்கு அதுதான் வழி. "காரியம் ஆனதும் கம்பி நீட்டுறவகள அடுத்த தடவ எனக்குக் கண்ணு தெரியாது" என்பார். நான் பயந்தவள். ஒவ்வொரு பதிலுக்கும் திரும்பிப் போய், மனசாரவும் நீளமாகவும் நன்றி எழுதினேன். அந்த நன்றிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடையில் காய் எங்கே போகிறது என்பதைக் கடைசியில் நானே கண்டுபிடித்தேன். வாங்க வருகிறவர்கள் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கை அள்ளி, முகர்ந்து, பையில் போட்டுக்கொண்டு போவார்கள். சாம்பிள். அதை யாரும் எழுதுவதில்லை, திரும்பி வருவதும் இல்லை. குறைந்ததை நான் உத்தேசமாக ஏதாவது ஒரு ரகத்தில் கழிக்க, அது மைனஸ் காட்டியிருக்கிறது. மென்பொருளில் சாம்பிளுக்கென்று தனிக் குடோன் ஒன்றை உண்டாக்கி, அள்ளும்போதே அங்கே தள்ளிவிட்டால் கணக்கு நேராகிவிடும். இதைப் படிப்படியாக, படங்களோடு எழுதினேன். "சாம்பிள் எடுத்தவர் திருப்பித் தரமாட்டார் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்திருந்தேன். வத்தல் அண்ணாச்சி வந்து, "இது சரி" என்று எழுதினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அதுவரை யாரும் வாங்கியதில்லை. மஞ்சள்காரர், ஜவ்வரிசிக்காரர் எல்லாரும் அந்த வழிக்கு வந்தார்கள். பிறகு நானும் பதில் சொல்கிறவள் ஆனேன். அதிகம் உதவுகிறவர்கள் என்று மன்றம் போடும் வரிசையில் என் பெயர் மேலே ஏறிக்கொண்டே வந்தது.

அண்ணாச்சி ஒருமுறை எச்சரித்தார். "இதென்ன சொந்தப் பேரு, போட்டோ? எடுத்துரு. 'வடுகபட்டிப் பூண்டு'ன்னு வச்சுக்க." நான் மாற்றவில்லை. பொய்ப் பெயரில் உண்மையான பதில் சொல்வது எப்படியோ இருந்தது. அதோடு, உங்களிடம் மறைப்பானேன், அந்தப் பெயர் மேலே ஏறுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. கடையில் நான் "அந்தப் பிள்ளை". இங்கே இனிஷியலோடு ஓர் ஆள்.

மேல்வரிசைக்கு வருகிறவர்களை மென்பொருள் நிறுவனமே உதவிப் பணிக்கு எடுத்துக்கொள்ளும். வீட்டிலிருந்தே பதில் சொல்லலாம், மாதச் சம்பளம் உண்டு. எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தாலும் கூடவே வரக்கூடிய ஒரே வேலை அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. நிறுவனத்திலிருந்து மன்றத்தின் வழியாகவே செய்தியும் வந்தது. அடுத்த மாதம் மதுரையில் பயிற்சி, விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே கம்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அக்கா, இன்றைக்கு எனக்கு மதினி, விவரமானவர். கேசரியைத் தொடும் முன்பே கைபேசியை எடுத்தார். "தப்பா எடுத்துக்கிடாதீக மாமா. பொண்ணு பேரப் போட்டுத் தேடுனேன். ஒரு எடத்துல நெறையா வந்துச்சு." என் நன்றிகளை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். நல்ல கணீர்க் குரல்.

"'அண்ணாச்சி, நீங்க இல்லாட்டி இன்னைக்கு நான் என்ன ஆயிருப்பேன்னே தெரியல.' ஏன், என்ன ஆயிருப்பாளாம்?"

"யாரு அந்த அண்ணாச்சி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"வத்தலாம்."

"வத்தலா?"

"இங்கன மஞ்சள்னு ஒருத்தர் இருக்காக. அவுகளுக்கு, 'ராத்திரி தூக்கமே இல்ல, உங்க பதிலப் பாத்ததுந்தான் நிம்மதி'ன்னு எழுதியிருக்கா."

"அது ஸ்டாக் கணக்குங்க" என்றேன். சரியாகத்தான் சொன்னேன், ஆனால் சத்தம் வரவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போது எழுத வேண்டாம். மாப்பிள்ளை மிக்சர் தட்டில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு லட்சணந்தான், குத்தஞ் சொல்லல" என்று மதினி முடித்தார். "அந்தப் பேரும் போட்டோவும் அங்கன இருக்கக் கூடாது. நாளைக்கு எங்க ஆளுக தேடுனா என்ன நெனப்பாக?"

அவர்கள் போன பிறகு அப்பா சொன்னார். "அழிச்சிரு ஆத்தா. ஒரு பட்டன்தான."

மன்றத்தில் விடைபெறுவதாக ஒரு வரி எழுதினேன். வத்தல் அண்ணாச்சி உடனே, "ஏன்?" என்று கேட்டார். யாரிடமும் சொந்த விஷயம் கேட்காத மனிதர். நான் பதில் போடவில்லை. சொல்லியிருந்தால் கடுமையாக ஏதாவது சொல்லியிருப்பார். எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்ட கடுமையாகக்கூட அது இருந்திருக்கலாம். பட்டனை அழுத்தினால், "உங்கள் பதில்களையும் நீக்கவா?" என்று கேட்டது. யாருக்காவது உதவட்டும் என்று அவற்றை விட்டுவைத்தேன். என் பெயர் இருந்த இடத்திலெல்லாம் "முன்னாள் உறுப்பினர்" என்று வந்தது. மதுரைப் பயிற்சிக்குப் பதில் எழுதவில்லை. மன்றத்தில் கணக்கே இல்லாதவள் எதிலிருந்து எழுதுவது?

கல்யாணத்துக்குப் பிறகும் வெளியாளாக எப்போதாவது எட்டிப் பார்ப்பேன். "முன்னாள் உறுப்பினர் அண்ணன் சொன்னபடி செஞ்சேன், சரியாயிருச்சு" என்று யாராவது எழுதியிருப்பார்கள். அண்ணன். படமும் பெயரும் போனதும் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

கம்பத்தில் மதினி வீட்டில் ஏலக்காயும் மிளகும் வாங்கி விற்கிறார்கள். கல்லாவும் கணக்கும் மதினிதான். அதே மென்பொருளை அவர்களும் வாங்கினார்கள், அதே மைனஸ் வந்தது. நான் நிறைமாதமாக இருந்தபோது ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதப் படி. எம்புட்டுத் தெளிவா எழுதியிருக்கான் பாரு. எவனோ நல்லாப் படிச்ச பய. நீயும் பி.காம்.தான படிச்ச, இப்பிடி எழுத வருமா ஒனக்கு?"

படித்தேன். சாம்பிள் எடுத்தவர் திருப்பித் தரமாட்டார் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

"அது நான் எழுதுனது மதினி."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாய்விட்டுச் சிரித்தார். "ஏலே, இங்கன வாடா, ஒம் பொண்டாட்டி சொல்றதக் கேளு." பிறகு என்னிடம், "எங்க, பேரக் காட்டு. பேரு எங்கன இருக்கு?"

என் வீட்டுக்காரர் வந்து கைபேசியை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "பழசெல்லாம் எதுக்கு, விடுக்கா" என்றார். யாருக்காகச் சொன்னார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் அவர்கள் ஸ்டாக் சரியாகிவிட்டது. மதினி முன்னாள் உறுப்பினருக்கு நன்றி எழுதினார். கைகூப்பிய படமும் போட்டிருந்தார்.

மகள் பிறந்து சில மாதங்களில் மன்றத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. இனிமேல் கேள்விகளுக்குத் திரையில் ஒரு பெட்டி, ஆள் இல்லாமல், தானாகப் பதில் சொல்லுமாம். உறுப்பினர்கள் மாசக் கடைசிக்குள் உள்ளே நுழைந்து தங்கள் பதில்களை எடுத்துக்கொள்ளலாம். நான் எங்கே நுழைவது? நிறுவனத்துக்கு எழுதினேன். அவை உங்களுடையவை என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்றார்கள், மரியாதையாகவே.

சரி, கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வைத்துக்கொள்வோம் என்று, மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே இடம் இல்லை என்றது கைபேசி. உள்ளே முழுக்க அவள் படங்கள். குப்புற விழுந்தது, விரல் சூப்பியது, சும்மா படுத்திருந்தது. எதை அழிப்பது? ஒன்றைத் தொடுவேன், "அழிக்கவா?" என்று கேட்கும், வேண்டாம் என்பேன். பச்சைப் பிள்ளையின் படத்தை அழிப்பது நல்லதில்லை என்று தோன்றியது. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். அதற்குள் அவளுக்குச் சளி, பிறகு எனக்கு. நினைவு வந்து மறுபடி போனபோது மாசம் பிறந்துவிட்டது, பக்கம் திறக்கவில்லை.

வத்தல் அண்ணாச்சியின் உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. விருதுநகரில் இறங்கி, வத்தல் வியாபாரி, கொஞ்சம் கோபக்காரர் என்று விசாரித்தால் ஊரில் பாதி வீட்டைக் காட்டுவார்கள். மஞ்சள், ஜவ்வரிசி எல்லாரும் அப்படிப் பெயர் தெரியாமலேதான் போனார்கள். எழுதிய பதில்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நேற்று மகள் தூங்கும்போது கைபேசியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே சிரிப்பை வரிசையாக அத்தனை தடவை எடுத்து வைத்திருக்கிறேன். பாதிக்குமேல் மங்கல், சிலவற்றில் என் விரல் மறைத்திருக்கிறது. அவற்றையாவது அழித்திருக்கலாம்.