பூத்ததை உழுதவள்

ஆறுமுகநேரிக்குக் கிழக்கே உப்பளத்தை ஒட்டிக் கிடந்த அந்த இரண்டு ஏக்கரை ஊரில் யாரும் நிலமென்றே சொல்வதில்லை. கிணறு உவர்த்து, மேல்மண்ணில் உப்புப் பூத்து, ஆறு வருஷமாகப் போட்ட விதையெல்லாம் வீண். பட்டா தோஹாவில் வேலை பார்க்கும் தம்பி ஜெர்சன் பேரில். பாடு மட்டும் அக்கா ஜெயசெல்விக்கு. எந்த வீட்டில்தான் இது மாறியிருக்கிறது?

போன வருஷம் அவள் செய்த காரியம் கடலோரத்து ஆட்களுக்கு மட்டுமே தோன்றும். மீன் உரம் நல்லது என்று யாரோ சொல்ல, கருவாட்டுக் களத்தில் ஓசியில் கிடைத்த தலையும் குடலுமாக எட்டு வண்டி கொட்டினாள். அத்தனையும் உப்பில் ஊறியது என்பது, கத்தரி நாற்று நாலே நாளில் கருகின பிறகுதான் மண்டைக்கு எட்டியது. உப்புக்காற்றிலேயே வளர்ந்தவளுக்கு உப்பு கண்ணில் படவில்லை! ஊர் சிரித்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த ஜெர்சன் சிரிக்கவில்லை.

"ஒரு வருஷம் பாருக்கா. அடுத்த தடவ நான் வரும்போ பச்சை நிக்கணும். இல்லன்னா உப்பளத்துக்காரருக்குக் கொடுத்திருவேன்" என்றான்.

பாத்தி கட்டி உப்பு விளைத்துவிட்டால் அப்புறம் அதில் பயிர் ஏது? ஜெயசெல்வி ஒரு ராத்திரி அழுதாள். மறுநாள் மண்வெட்டியை எடுத்தாள். வரப்பை உயர்த்தி, மிச்ச மழையைத் தேக்கி, உப்பைக் கரைத்து வாய்க்காலில் வடித்தாள். கோடையில் ஆட்டுக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, புழுக்கை எருவுக்காக ராத்திரியில் வயலிலேயே கிடை போடவைத்தாள். குளத்து வண்டல் அடித்தாள். புரட்டாசி முதல் மழைக்கு, உவரைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்தாள்.

ஐப்பசிக் கடைசியில் அது இடுப்பளவு நின்று மஞ்சளாய்ப் பூத்த அன்று, சொல்லாமல் கொள்ளாமல் ஜெர்சன் வந்து இறங்கினான். "ஜெயிச்சிட்டக்கா!" என்று போட்டோவாக எடுத்துத் தள்ளினான். அவளுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்தான்.

மறுநாள் காலை வயலில், வாடகைக்கு உழும் செல்வதுரையின் டிராக்டர் நின்றது.

"இது எதுக்கு வந்துருக்கு?"

"பூவெடுத்ததும் மடக்கி உழணும்ல, அதுதான் மண்ணுக்கு உரம். முத்திட்டா நாராயிரும், மக்காது."

ஜெர்சனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பதான் பச்சைன்னு ஒண்ணு தெரியுது, அதையும் அழிக்கியா? நான் வந்தது தெரிஞ்சு இன்னைக்கு உப்பளத்துக்காரர் பதில் கேட்டு வாராரு. வெறும் மண்ணு கெடந்தா, நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்."

செல்வதுரை சாவியைத் திருகாமல் இருவரையும் பார்த்தார். ஜெயசெல்வி பூத்து நின்ற பயிரைப் பார்த்தாள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் நிலம் தப்பும். மண்ணுக்குச் சேரவேண்டியது சேராது. ஒரு வருஷப் பாடு வெறும் போட்டோவோடு போய்விடும்.

"ஏலே, ஒனக்குக் காட்டுததுக்கு விதைக்கல. மண்ணு திங்கதுக்கு விதைச்சேன்" என்றாள். "நீங்க உழுங்க அண்ணாச்சி."

டிராக்டர் இறங்கியது. தக்கைப்பூண்டு பூவோடு சாய்ந்து மண்ணுக்குள் போயிற்று. ஜெர்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாவது சுற்றில் எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து கலப்பைக்குப் பின்னால் இறங்கியது. பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை. புரண்ட மண்ணில் கொத்திக் கொத்தி எதையோ இழுத்து விழுங்கின.

"என்னக்கா திங்குது?"

"புழு" என்றாள். உப்பு மண்ணில் புழு நிற்காது. ஆறு வருஷமாக அந்த வயலில் உழவுக்குப் பின்னால் ஒரு கொக்குகூட வந்ததில்லை.

ஜெர்சனின் போன் அடித்தது. கிளம்பி வரட்டுமா என்று உப்பளத்துக்காரர் கேட்டார். அவன் கொக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வராண்டாம் அண்ணாச்சி. வயல்ல உழவு நடக்கு."