நின்றுகொண்டே வந்த ராணி

கொக்கு மூக்கு மாதிரி நுனி நீண்ட கத்தரிக்கோல் அது. மொத்தமே ஒரு விரல் நீளம்தான். நான் பூவேலை கற்றுக்கொண்ட காலத்தில் பேகம்பூர்க் கடை ஒன்றில் அப்பா வாங்கித் தந்தது, கல்யாணமானபோது துணிப்பெட்டியில் கூடவே வந்தது. நூலைத் தவிர வேறெதையும் அதால் வெட்டியதில்லை, ஒரே ஒரு நாள் தவிர. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதத்து முற்பகலில், அதால் ஒரு ராணித் தேனீயின் இறக்கையை நறுக்கினேன். நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது. கூடவே சிரிப்பும் வருகிறது.

திண்டுக்கல்லைத் தாண்டிப் பழனி ரோட்டை ஒட்டி இருந்தது எங்கள் தோட்டம். நான் மருமகளாகப் போன வருஷமே கறவை மாடு வற்றிப்போனது. ஆசையாக நட்ட மல்லிகைப் பதியன் பத்தே நாளில் கருகியது. என் மாமியார் கெட்டவர் இல்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது. எனக்குக் கைராசி இல்லையென்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு விதை போடுகிற நாளிலெல்லாம் எனக்கு மட்டும் அடுப்படியில் ஏதாவது வேலை இருக்கும். அம்புட்டுப் பேரும் பாத்தியில் குனிந்து நிற்க, நான் மட்டும் உள்ளே புளி கரைத்துக்கொண்டிருப்பேன். பத்திக்கொண்டு வரும் எனக்கு.

என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்குள் குடியிருந்தார். தோப்பில் பத்துப் பன்னிரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். வாய் மாமியாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். என் வீட்டுக்காரரே அவர் முன்னால் போகும்போது சட்டைப் பொத்தானை ஒரு தரம் சரிபார்த்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஒரு ஐப்பசியில் தேனீப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, தம்பியிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். “இவ கையிலயா? வெளங்கினாப்புலதான்” என்றார் மாமியார். நாத்தனார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த முதல் உடைமை அந்தப் பெட்டிதான். இதுவும் பட்டுப்போனால் என் பெயர் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும்.

பட்டுப்போகவில்லை, பெருகியது. மாசியில் முருங்கை பூத்ததும் பெட்டிக்குள் இடமில்லாமல் வாசலில் தாடியாகத் தொங்கின ஈக்கள். ஒருநாள் வெயிலேறும் நேரத்தில் பாதிக் கூட்டம் பழைய ராணியோடு வெளியே கொட்டியது. தென்னைக்கு மேலே சுற்றிச் சுற்றி ஒரே இரைச்சல். நான் தட்டைக் கரண்டியால் தட்டினேன், வாளித் தண்ணீரை வாரி இறைத்தேன், மண்ணை அள்ளி வீசினேன். வேலிதாண்டி, ரோடுதாண்டி, போயே போய்விட்டது. 

மிச்சமிருந்த பாதியையாவது விடக்கூடாதென்று வெறி வந்துவிட்டது. ராணிக்கு ஒரு பக்க இறக்கையைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் கூட்டம் தூரமாகப் போகாதென்று நாத்தனார் எப்போதோ சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் வேலி தாண்டும் கோழிக்கும் அதுதானே வைத்தியம். பத்தாம் நாள், மிச்ச ஈக்கள் வளர்த்த புது ராணி கண்ணில் பட்டது. ஒல்லியாக, அடை மேல் ஓட்டமும் நடையுமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலில் எடுத்து, நறுக்கென்று ஒரு வெட்டு. அப்படி ஒரு பெருமை எனக்கு.

ஒரு வாரம் கழித்து மத்தியானத்தில் அந்த ராணி வாசல் பலகைக்கு வந்தது. விளிம்புவரை ஓடியது, தாவியது, பொத்தென்று மண்ணில் விழுந்தது. இலையால் ஏந்தி மேலே விட்டேன். மறுபடி ஓடியது, மறுபடி விழுந்தது. மூன்றாம் தரம் விழுந்தபோதுதான் நாத்தனார் சொன்னதில் பாதியை நான் மறந்தது உறைத்தது. முட்டை வைக்கத் தொடங்கிய ராணிக்குத்தான் இறக்கையை வெட்டலாம். புது ராணி முதலில் வெளியே பறந்து, ஆண் ஈக்களோடு கூடித் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் வேலைக்கார ஈ ஒன்றுகூடப் பிறக்காது, இருக்கிற ஈக்களும் கிழடாகிச் செத்துத் தீரும். 

அப்போது பங்குனி உத்திர நேரம். பழனிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேனென்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி ஆயக்குடியில் இறங்கினேன். நாத்தனார் வாயிலிருந்து என்னென்ன வரப்போகிறதோ என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “எதுல வெட்டுன?” இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று தோப்புக்குள் நடந்தார். பாதிக் கூட்டம் பிரிந்து போகத் தயாராக இருந்த பெட்டி ஒன்றைத் திறந்தார். அடையின் அடியில் நிலக்கடலை மாதிரித் தொங்கியது ராணி அறை, உள்ளே அடுத்த ராணி. என் கத்தரிக்கோலாலேயே அதை அடைத்துண்டோடு நறுக்கி, டம்ளரில் பஞ்சு வைத்துத் தொங்கியபடியே இறக்கினார். கத்தரிக்கோல் அவர் சுருக்குப் பைக்குள் போனது.

“கவுந்தாலும் போச்சு, குலுங்குனாலும் போச்சு. கெளம்பு” என்றார்.

பஸ்ஸிலே காலூன்ற இடமில்லை. மொட்டைத்தலையும் சந்தனமுமாகப் பக்தர் கூட்டம். ஒட்டன்சத்திரத்தில் ஒரு பெரியவர் எழுந்து நாத்தனாருக்கு இடம் கொடுத்தார். “ஒக்காந்தா ஆகாதுங்க. நின்னாத்தான் குலுக்கலைக் காலு வாங்கிக்கும்” என்று மறுத்துவிட்டார். டம்ளரை நெஞ்சுயரத்தில் பிடித்தபடி, பள்ளம் வரும்போதெல்லாம் முழங்காலை மடக்கி நிமிர்ந்தார். மலைப் பிரசாதம் என்று நினைத்துச் சிலர் டம்ளரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. கிட்டத்தட்ட முப்பது மைலும் அந்தம்மா நின்றுகொண்டேதான் வந்தார்.

வீட்டில், பெட்டியைப் பார்த்துப் போக வந்ததாகத்தான் சொன்னார். வேறு மூச்சு விடவில்லை. இறக்கை வெட்டுப்பட்ட ராணியைத் தேடிப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டார். அதை என்ன செய்தாரென்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. ராணி இல்லையென்று ஈக்களுக்குத் தெரியட்டும் என்று காத்திருந்தோம். பொழுது சாயும்போது பெட்டிக்குள் ஒரு புலம்பல் இரைச்சல் கிளம்பியது, வாசலில் ஈக்கள் தேடித் தேடி ஓடின. அறையை வைக்க அதுதான் நேரம். நான் ஒதுங்கி நின்றேன். நாத்தனார் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

“ஒங் கையால வையி.”

“வேணாம் மதினி, எங் கைக்கு...”

“அதுக்குத்தான் சொல்றேன். வையி.”

வைத்தேன். மறுநாள் அறையின் நுனி மூடி மாதிரி வட்டமாகத் திறந்திருந்தது, ராணி வெளியே வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார். ஒரு வாரத்தில் ராணி பறந்தது. நேராக, ஜிவ்வென்று. தந்திக்கம்பியில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது, ஈ பிடித்துத் தின்கிற ஜாதி. துரத்துங்கத்தே என்று நான் கத்த, விஷயம் புரியாமலே மாமியாரும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கால் மணி நேரம் எனக்கு உயிரே இல்லை. பிறகு அது வந்து இறங்கியது, ஆண் ஈயோடு கூடிய அடையாளமாக வால் நுனியில் வெள்ளை நூல் மாதிரி ஒன்றோடு. மாமியாரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். பைத்தியம் என்றார். ஆடியில் பெட்டி நிறைந்து இரண்டான பிறகு, பூசணி விதையை என் கையில் கொட்டி, “நீயே போடு” என்றார்.

போன மாதம் நாத்தனாரின் மகன் வந்திருந்தான். அவர் காலமாகி நாற்பது நாளாகியிருந்தது. ஒரு பழைய சுருக்குப் பையை என்னிடம் கொடுத்தான். “அத்தை, இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க அம்மா. எதுக்குன்னு கேட்டதுக்குச் சிரிச்சாங்க, சொல்லலைங்க” என்றான். உள்ளே கத்தரிக்கோல். மூக்கில் மெழுகு இன்னும் ஒட்டியிருந்தது. ஊர்ச் சங்கதி ஒன்றைக்கூட விட்டுவைக்காத அந்த வாய், இதை மட்டும் பெற்ற மகனிடம்கூடச் சொல்லவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். அவன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். “தோப்புல புதுக் கொய்யாக்கன்னு வைக்கிறோமுங்க. மொதக் கன்ன நீங்கதான் வைக்கணுமாம். கைராசிக்காரின்னு அம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க.”

மறுநாளே புறப்பட்டோம். கத்தரிக்கோல் என் இடுப்பில் இருந்தது. பஸ்ஸில் இடம் நிறையவே இருந்தது. உட்காருங்க அத்தை, உட்காருங்க என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். ஒட்டன்சத்திரம்வரை நான் நின்றுகொண்டே போனேன்.